பதினோரு முறை நீக்கப்பட்டவன்

ஒரு வலைப்பக்கத்தைப் பிடிஎஃப் ஆக்கி வைத்துக்கொள்வதால் தொழிலுக்கு என்ன நன்மை என்று யாராவது கேட்டால் என்னால் ஒரு மணி நேரம் பேச முடியும். அந்த ஒரு மணி நேரமும் என் வயிறு எரிந்துகொண்டே இருக்கும். ஓசூர் சிப்காட்டில் நான் வேலை பார்த்த கம்பெனிக்கு அந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தவனே நான்தான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். நான் செலவே இல்லாமல் வைத்துக்கொண்டேன்.

என் பெயர் பூபதி. ஊர் காவேரிப்பட்டினம். டிப்ளமோ முடித்த கையோடு ஓசூருக்கு வந்து அசோக்குமார் என்பவருடைய பிரஸ் ஷாப்பில் குவாலிட்டி வேலைக்குச் சேர்ந்தேன். நாற்பது பேர் வேலை செய்யும் இடம். இரும்புத் தகட்டை அடித்து வளைத்து, வண்டிக்குள்ளே யார் கண்ணிலும் படாத பிராக்கெட்டுகளாக்கி ஒரு பெரிய கம்பெனிக்குக் கொடுப்போம். பெரிய கம்பெனியின் பெயர் வேண்டாம். இன்று நான் சாப்பிடுவது அவர்கள் சோறு.

பெரிய கம்பெனி எங்களோடு வாயால் பேசாது. போர்ட்டல் என்று சப்ளையர்களுக்காக ஒரு வலைத்தளம் வைத்திருந்தார்கள். எந்தப் பார்ட், எத்தனை, எந்த டிராயிங் எல்லாம் அதில்தான் வரும். ஆனால் அது அவர்கள் வீட்டுச் சுவர். நினைத்த நேரத்தில் வெள்ளையடித்து வேறு எழுதுவார்கள். ஒரு முறை ஒரு பிராக்கெட்டின் ஓட்டை அளவை வெள்ளிக்கிழமை மாற்றிவிட்டு, திங்கட்கிழமையிலிருந்தே அப்படித்தான் இருக்கிறது என்று சாதித்தார்கள். லாரி நிறைய சரக்கு திரும்பி வரவிருந்தது. ஓனர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

என்னிடம் திங்கட்கிழமைப் பக்கம் இருந்தது. தினமும் காலையில் போர்ட்டலைத் திறந்ததும் பிரிண்ட் கொடுப்பதுபோல் கொடுத்து, பேப்பரில் எடுக்காமல் பிடிஎஃப் ஆகச் சேமித்து வைப்பேன். பக்கத்தின் அடியில் தேதியும் நேரமும் தானாக விழும். அதை அனுப்பியதும் அவர்கள் தரப்பில் சத்தம் அடங்கியது. சரக்கு உள்ளே போனது. ஓனர் அன்றைக்கு எல்லாருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்து, “இனிமே நம்ம கம்பெனில கண்ணால பாத்ததுலாம் கணக்கு இல்ல, பிடிஎஃப்ல இருக்கறதுதான் கணக்கு” என்று அறிவித்தார்.

அதிலிருந்து எல்லாமே பிடிஎஃப் ஆனது. ஆர்டர் பக்கம், வரிப் பக்கம், லாரிக்கு எடுக்கிற இ-வே பில், போட்டிக் கம்பெனிக்காரன் தன் வலைத்தளத்தில் போட்டிருந்த மிஷின் பட்டியல், மின்வாரியம் அறிவித்த பவர்கட் நேரம் வரைக்கும். இணையம் செத்துப்போன நாளிலும் எங்கள் ஆபீசில் வேலை நடந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இங்கே இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். நாங்கள் அனுப்பிய பார்ட்டில் தப்பு வந்தால் போர்ட்டலில் ஒரு புகார்ப் பக்கம் திறக்கும். தப்பு ஏன் நடந்தது என்று அதில் எழுத வேண்டும். ஒரு ஏன் போதாது, அடுக்கடுக்காக ஐந்து ஏன் கேட்கும். உண்மையான பதில் பெரும்பாலும் ஒன்றுதான், தகட்டை வளைக்கும் டை என்ற அச்சு தேய்ந்துபோயிருக்கும், ஓனர் புதிது வாங்கியிருக்க மாட்டார். ஆனால் டை என்று எழுதினால் டையைப் பார்க்க ஆள் வரும். மிஷின் என்று எழுதினால் மிஷினைப் பார்க்க வரும். ஆள் தப்பு, ஆளை நீக்கிவிட்டோம் என்று எழுதினால் யாரும் வர மாட்டார்கள். பக்கம் பச்சையாகி மூடிக்கொள்ளும்.

இருக்கிற ஆளின் பெயரை எழுதினால் ஆடிட் அன்றைக்கு அவன் எதிரே நிற்பானே? அதனால் எங்கள் தெருவில் இருந்த கம்பெனிகளில் ஒரு தந்திரம் ஓடியது. ஏற்கெனவே போய்ச் சேர்ந்தவன் பெயரை எழுதிவிடுவது. என் காலத்தில் அந்தப் பெயர் வெள்ளைச்சாமி. பிரஸ் ஆபரேட்டராக இருந்து மஞ்சள்காமாலையில் செத்துப்போனவர். அந்தப் பக்கத்தை ஓனரே உட்கார்ந்து நிரப்புவார். “வெள்ளச்சாமி இன்னும் நமக்காகத்தான் ஒழைக்கறாரு” என்று சிரிப்பார். செத்தவர் மறுபடியும் எங்கேயும் வேலை கேட்டுப் போகப் போவதில்லை. யாருக்கும் உறுத்தவில்லை.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது நான் வேலையை விட்டேன். முறையாக எழுதிக் கொடுத்துவிட்டு, என் இடத்துக்கு வந்த வினிதா என்ற பெண்ணுக்கு ஒரு வாரம் வேலை சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் போனேன். பர்கூர் காலேஜில் இன்ஜினியரிங் முடித்த பெண், சொன்னதை ஒரே தடவையில் பிடித்துக்கொள்வாள். “எத மறந்தாலும் மற, பிடிஎஃப் எடுக்க மறக்காத” என்றேன். அவள் மறக்கவே இல்லை. அதுதான் என் தலையெழுத்து.

ஊரில் அப்பாவைப் பார்த்துக்கொண்டு இரண்டரை வருஷம் போனது. அப்பா போன பிறகு மனைவி ராஜலட்சுமியோடு திரும்பவும் ஓசூருக்கு வந்து மூக்கண்டப்பள்ளியில் ஒரு போர்ஷன் பிடித்தேன். ராஜலட்சுமி கார்மெண்ட்ஸில் சேர்ந்தாள். நான் பெரிய கம்பெனிக்கே எழுதிப் போட்டேன். சப்ளையர்களின் தரத்தைக் கவனிக்கும் வேலை, நிரந்தர வேலை. முப்பத்தைந்து வயதுக்கு மேல் அந்த வேலைக்கு எடுக்க மாட்டார்கள். எனக்கு முப்பத்தைந்து முடிய மூன்று மாதம் இருந்தது. இது போனால் பிறகு சாகும்வரை காண்டிராக்ட்டில் அட்டை தேய்த்து உள்ளே போக வேண்டியதுதான். இரண்டு இன்டர்வியூவும் மெடிக்கலும் முடிந்தது. கடைசியாக, எனக்கு மேலதிகாரியாக வரப்போகும் பாக்கியராஜ் சாரைப் பார்க்க வேண்டும், சும்மா அறிமுகத்துக்கு என்றார்கள்.

பாக்கியராஜ் நல்ல மனிதர். இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. மேஜையில் சின்ன மாதா படம் வைத்திருந்தார், எனக்கு டீ வரவழைத்தார். பக்கத்தில் எச்.ஆர். பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். புதிதாக வந்திருக்கும் மென்பொருளை எனக்குக் காட்டினார். பழைய போர்ட்டலை மூடியாயிற்று, சப்ளையர்கள் அனுப்பிய பழைய ரிப்போர்ட்டுகளெல்லாம் பிடிஎஃப் ஆக இதற்குள் இருக்கின்றன, எந்த வார்த்தையைப் போட்டாலும் தேடிக் கொடுக்கும் என்று அவருக்கு ஒரே மகிழ்ச்சி.

“எது வேணா போடலாம் பூபதி. பார்ட் நம்பர், ஊரு, ஆளு பேரு. உங்க பேரையே போட்டுப் பாப்பமா?”

பதினோரு ரிப்போர்ட் வந்தது.

முதலில் வேறு பூபதியாக இருக்கும் என்று சிரித்தேன். ஒவ்வொன்றாகத் திறந்தார். அசோக்குமார் கம்பெனி. காரணம், பரிசோதித்தவரின் கவனக்குறைவு. பொறுப்பானவர், பூபதி. பழைய எம்ப்ளாயி நம்பரும் சரியாக இருந்தது. நடவடிக்கை, வேலையிலிருந்து நீக்கப்பட்டார். பதினோரு ரிப்போர்ட்டிலும் அதேதான். தயாரித்தவர் என்ற இடத்தில் வினிதா பெயர். எச்.ஆர். பெண் தன் பேனாவை எடுத்து ஏதோ குறித்தாள்.

“சார், இந்தத் தேதிலாம் பாருங்க. நான் அப்ப அங்க இல்லவே இல்ல. ஊர்ல எங்கப்பாவுக்கு மருந்து குடுத்துட்டு இருந்தேன்.”

பாக்கியராஜ் எச்.ஆர். பெண்ணைப் பார்த்தார். அவள் திரையைப் பார்த்தாள்.

“சார், ஒரே ஆள எப்பிடி சார் பதினோரு தடவ வேலைய உட்டுத் தூக்குவாங்க? இத யாருமே படிக்கலியா?”

“யாருங்க படிக்கறா,” என்றார் பாக்கியராஜ் மெதுவாக. “எல்லா கட்டமும் நெரம்பியிருக்குதான்னு பாப்போம். நெரம்பியிருந்தா க்ளோஸ்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் திரையை உடைத்திருக்க வேண்டும். கைகட்டி உட்கார்ந்திருந்தேன். வேலை கேட்டுப் போனவனுக்குக் கோபம் எதற்கு? அவர் ஒரு வழி சொன்னார். இந்த ரிப்போர்ட்டுகள் தவறு என்று அசோக்குமார் ஒரு கடிதம் தர வேண்டும், இல்லையென்றால் அந்த நாட்களில் நான் அங்கே வேலையில் இல்லை என்பதற்கு ஏதாவது ஆதாரம் வேண்டும். பத்து நாள் டைம்.

வெளியே வரும்போது இன்னொன்றும் சொன்னார், ஆறுதலாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு. பழைய போர்ட்டலை மூடும்போது எல்லாச் சப்ளையரிடமும் பழைய ரிப்போர்ட்டின் பிடிஎஃப் கேட்டார்களாம். பாதிப் பேர் எங்களிடம் இல்லை என்று கையை விரித்தார்களாம். சரி பரவாயில்லை என்று விட்டுவிட்டார்களாம். அந்தக் கம்பெனிகளில் பழி சுமந்த பெயர்களெல்லாம் போர்ட்டலோடு மண்ணாய்ப் போயின. ஒன்று விடாமல் வரிசையாக எடுத்து அனுப்பியது அசோக்குமார் கம்பெனி ஒன்றுதான்.

“அவங்களுக்கு ஒரு ஷீல்டுகூட குடுத்தோம்,” என்றார் பாக்கியராஜ்.

அந்த ஷீல்டை மறுநாள் பார்த்தேன். அசோக்குமார் ஆபீசில் பிள்ளையார் படத்துக்குக் கீழே, ரோஜா மாலை போட்டு வைத்திருந்தார்கள். சிறந்த ஆவணப் பராமரிப்பு என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. ஓனர் போனில் யாரிடமோ “ஆகத்தே சார், இவத்தே களிஸ்தீனி” என்று கன்னடத்தில் பணிந்துகொண்டிருந்தார். இன்றைக்கே அனுப்பிவிடுகிறேன் என்று அர்த்தம். அந்த வாக்கியத்தை அவர் வாயிலிருந்து நூறு தடவை கேட்டிருக்கிறேன். போனை வைத்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டார். அப்பாவை விசாரித்தார். கண்கூடக் கலங்கியது. அந்தக் கலங்கல் பொய்யில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஷீல்டைப் பார்த்தார்.

“தம்பி, உன்ன யாரோவா நெனச்சு நான் போடல. நம்ம பையன், கோச்சுக்க மாட்டான், ஊரோட போயிட்டான்னு நெனச்சுத்தான் போட்டேன். வெள்ளச்சாமி பேரு ரொம்பப் பழசாயிருச்சு.”

“இப்ப வந்துட்டேன் சார். ஒரு லெட்டர் குடுங்க.”

“என்னான்னு குடுக்கறது? பதினோரு ரிப்போர்ட்டும் பொய்னு நானே கையெழுத்துப் போட்டா நாளைக்கு ஆர்டர் வருமா? நாப்பது குடும்பம் இருக்குது தம்பி.”

“எங்குடும்பம் நாப்பத்தொண்ணாவது இல்லிங்களா சார்?”

நான் வெட்கத்தை விட்டு அடுத்த படியும் இறங்கினேன். அப்படியானால் பழைய வேலையையாவது திரும்பக் கொடுங்கள் என்று கேட்டேன். ஓனர் நிஜமாகவே யோசித்தார். பிறகு சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார்.

“நீ உள்ள வந்துட்டா உம்பேர எழுத முடியாதில்ல தம்பி. ஆடிட்காரன் வந்தா நேர்ல பாத்துருவானே. வேற பேரு யாருதுன்னு நான் எங்க போயித் தேடுவேன்?”

இதை அவர் என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. நடைமுறைச் சிக்கலைச் சொன்னார். ஒரு மனிதன் உள்ளே இருந்து உழைப்பதைவிட வெளியே இருந்து பழி சுமப்பது கம்பெனிக்கு லாபம் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். எழுந்து வந்துவிட்டேன்.

கேட்டுக்கு வெளியே டீக்கடை வரைக்கும் வினிதா பின்னாலேயே ஓடி வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

“அண்ணா, சத்தியமா எனக்குத் தெரியாதுண்ணா. மொத ரிப்போர்ட் வந்தப்ப சாரு உங்க பேர சொன்னாரு. பூபதிண்ணாகிட்ட சொல்லியாச்சு, அவருக்கு ஒன்னும் இல்லன்னாரு. அப்புறம் அதுவே பழகிருச்சு.”

“என்கிட்ட ஒரு வார்த்த போன்ல கேட்டிருக்கலாம்ல?”

“கேட்டிருக்கலாம்.” அவள் துப்பட்டா நுனியை முறுக்கினாள். “நீங்க பிடிஎஃப் எடுக்கச் சொன்னீங்க, எடுத்தேன். பேரு சரியான்னு பாக்கச் சொல்லலியேண்ணா.”

அவளை அறையலாம் போலவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. அவள் அப்பா பர்கூரில் கிரானைட் குவாரியில் வேலை செய்து நெஞ்சு கெட்டுப் படுத்திருந்தார். தம்பி படித்துக்கொண்டிருந்தான். அவள் சம்பளத்தில்தான் அந்த வீடு நடந்தது. என்ன செய்யப்போகிறேன் என்று கேட்டாள். பி.எஃப். கணக்கில் நான் வேலையை விட்ட தேதி இருக்கும், அதை எடுத்துக் காட்டப் போகிறேன் என்றேன்.

“காட்டுங்கண்ணா. அது உங்க நாயம். ஆனா ரிப்போர்ட்டுக்கு அடில என் பேருதான் இருக்குது. சாரு பேரு எங்கயும் இல்ல.”

அவ்வளவுதான் சொன்னாள். காட்டாதீர்கள் என்று கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் எனக்குத் திட்டுவதற்காவது வசதியாக இருந்திருக்கும்.

அன்று சாயங்காலம் பாகலூர் ரோட்டில் ஒரு நெட் சென்டரில் உட்கார்ந்து பி.எஃப். பக்கத்தைத் திறந்தேன். அது ஒரு நாள் வரும், மூன்று நாள் சுற்றிக்கொண்டே நிற்கும். வந்த நிமிஷத்திலேயே பிடித்துவிட்டேன். வேலையை விட்ட தேதி பளிச்சென்று இருந்தது. அதற்குப் பிறகு ஒரு மாதமும் பணம் கட்டப்படவில்லை. பழக்க தோஷத்தில் கை தானாகவே பிடிஎஃப் ஆக்கியது. அடியில் தேதி விழுந்தது, நேரம் விழுந்தது. என் வாழ்க்கையில் எனக்காக நான் எடுத்த முதல் பிடிஎஃப் அதுதான். ஊரார் பக்கத்தையெல்லாம் பத்திரப்படுத்தினவன், என் பக்கத்தை இத்தனை வருஷம் திறந்துகூடப் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்து ராஜலட்சுமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குக்கரை இறக்கிவிட்டுக் கேட்டாள். “அந்தப் பொண்ணுக்கு ஒன்னும் ஆவாதுங்களே?”

“ஆவாது. ஓனரத்தான் கேப்பாங்க.”

“நெசமாத்தான் சொல்றீங்களா, இல்ல ஆவக் கூடாதுன்னு சொல்றீங்களா?”

சாப்பிடப் போடு என்றேன். அவள் தட்டை எடுத்து வைத்தாள்.

பாக்கியராஜ் அந்தப் பிடிஎஃபை இரண்டு முறை பார்த்தார். எழுந்து கை கொடுத்தார். “தெளிவா இருக்குது பூபதி. எச்.ஆருக்கு இது போதும். உங்க பேர அந்தப் பதினொன்னுல இருந்தும் எடுத்துரலாம்.”

“சார், அந்த ரிப்போர்ட் எழுதுன பொண்ணு, அதுமேல தப்பு இல்ல. ஓனர் சொன்னதத்தான் டைப் பண்ணுச்சு.”

“அதுலாம் வராதுங்க. நாம கம்பெனியத்தான் கேக்கறோம், ஆள இல்ல.”

நம்பினேன் என்று சொல்ல மாட்டேன். நம்பினால் எனக்கு வேலை, நம்பாவிட்டால் இல்லை. அந்த நிலையில் எவனும் நம்பிவிடுவான். அடுத்த வாரம் வேலைக்கான ஆர்டர் வந்தது. சீருடை வந்தது, நெஞ்சில் என் பெயர் தைத்திருந்தது. ராஜலட்சுமி கோட்டை மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தாள்.

எனக்குக் கொடுத்த மேஜை பாக்கியராஜ் மேஜைக்கு இரண்டு தள்ளி. சப்ளையர்கள் அனுப்பும் புகார்ப் பதில்களைப் பார்த்து, சரியாக இருந்தால் மூடுவது என் வேலை. மூடும்போது அந்தப் பக்கம் பிடிஎஃப் ஆகி மென்பொருளுக்குள் நிரந்தரமாகப் போய் உட்காரும். “பிடிஎஃப் விஷயத்துல நம்ம பூபதிய அடிச்சுக்க ஆளில்ல” என்று பாக்கியராஜ் என்னை எல்லாரிடமும் அறிமுகப்படுத்தினார். ஜோக்குக்கு எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சேர்ந்த இரண்டாவது வாரத்தில் என் திரையில் அசோக்குமார் கம்பெனி வந்தது. பதினோரு ரிப்போர்ட்டில் தவறான தகவல் கொடுத்தது ஏன் என்று பெரிய கம்பெனி திறந்திருந்த புகார். ஓனர் எல்லாக் கட்டத்தையும் நிரப்பியிருந்தார். ஐந்து ஏனுக்கும் பதில் இருந்தது. காரணம், ரிப்போர்ட் தயாரித்தவர் பெயரைச் சரிபார்க்கவில்லை. பொறுப்பானவர், வினிதா. நடவடிக்கை, வேலையிலிருந்து நீக்கப்பட்டார். நீக்கிய உத்தரவையும் இணைத்திருந்தார், அவள் கையெழுத்தோடு.

வராண்டாவுக்குப் போய் அவளுக்குப் போன் செய்தேன். எடுத்தாள். பின்னால் யாரோ இடைவிடாமல் இருமிக்கொண்டிருந்தார்கள்.

“இந்தத் தடவ நெசமாவே தூக்கிட்டாருண்ணா,” என்றாள். குரலில் அழுகை இல்லை. “பரவால்ல, வேற எடம் தேடிக்கறேன். ஒன்னே ஒன்னு பண்ணுங்கண்ணா. அந்த ரிப்போர்ட்ட க்ளோஸ் பண்ணிராதீங்க. க்ளோஸ் ஆச்சுன்னா பிடிஎஃப் ஆயிரும். அப்புறம் நான் எங்க போனாலும் எம்பேரு முன்னாடி போயி நிக்கும்.”

“பண்ண மாட்டேம்மா.”

சொன்னபடி திருப்பி அனுப்பினேன். காரணம் திருப்தியில்லை, நிர்வாகத்தின் பொறுப்பு என்ன என்று கேட்டு எழுதினேன். மறுநாள் அதே பதில் வந்தது, வினிதாவுக்கு ஏற்கெனவே பயிற்சி கொடுத்த சான்றிதழ் ஒன்று கூடுதலாக. அந்தப் பயிற்சியைக் கொடுத்தவர் என்று என் பெயரே இருந்தது. மறுபடி திருப்பினேன். அன்று மதியம் ஓனரே போன் செய்தார்.

“தம்பி, நல்லா இருக்கியா? இப்ப நீ அந்தப் பக்கம். திருப்பி அனுப்பு, அது உன் வேல. ஆனா ஒன்னு யோசிச்சுக்க. ஒரு ஆளு பேரு போட்டாத்தான் அந்தப் பக்கம் சப்மிட்டே ஆவுது. கேக்கறது உங்க கம்பெனிப் பக்கம். நான் நெரப்பறேன்.”

“உங்க பேர நெரப்புங்க சார்.”

“எம்பேர நெரப்பி, நீக்கப்பட்டார்னு போடச் சொல்றியா?” என்று சிரித்தார். “என்ன யாரு தம்பி நீக்குவா?”

மூன்றாவது தடவை திருப்பியபோது பாக்கியராஜ் என்னைக் கூப்பிட்டார். கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. திரையில் என் பெயருக்கு எதிரே ஒரு சிவப்புக் கட்டம் இருந்தது. திறந்து கிடக்கும் புகார் வாரக்கணக்கில் நின்றால் அது என் கணக்கில்தான் சிவப்பாகும்.

“எல்லாம் நெரம்பியிருக்குதே பூபதி. எதுக்கு இழுக்கறீங்க?”

“சார், அந்தப் பொண்ணு மேல தப்பு இல்லன்னு அன்னிக்கே சொன்னேன். ஆள கேக்க மாட்டோம்னு நீங்க சொன்னீங்க.”

“நாம எங்கங்க கேட்டோம்? அவங்க குடுத்தாங்க.” மாதா படத்தை லேசாக நகர்த்தி வைத்தார். “ஆறு மாசம் ப்ரொபேஷன்ல இருக்கீங்க. உங்க வயசுக்கு இது திரும்பக் கெடைக்காது. பாத்துப் பண்ணுங்க.”

என் மேஜைக்கு வந்தேன். கேன்டீன் மணி அடித்து எல்லாரும் சாப்பிடப் போய்விட்டார்கள். வேலையைத் தூக்கி எறிந்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். நினைப்பதற்குக் காசா பணமா? ராஜலட்சுமி பொங்கல் வைத்தது நினைவுக்கு வந்தது. என் பெயரை மீட்பதற்கு எனக்குப் பத்து நாள் கிடைத்தது, ஒரு பி.எஃப். பக்கம் கிடைத்தது. வினிதாவுக்கு எந்தப் பக்கமும் இல்லை. அவள் அந்த நாட்களில் அங்கேதான் இருந்தாள். அவள்தான் டைப் செய்தாள். அந்தப் பெயரை வாயால் சொன்னவர் ஓனர் என்பது எந்தப் பக்கத்திலும் ஏறவில்லை, அதனால் அதை எந்தப் பிடிஎஃபிலும் எடுக்க முடியாது.

மூடு என்ற பட்டனை அழுத்தினேன். பக்கம் பச்சையாகியது.

அன்று மாலை கிளம்புவதற்கு முன் அந்தத் தேடும் கட்டத்தில் என் பெயரையும் அசோக்குமார் கம்பெனி பெயரையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தேன். பாக்கியராஜ் சொன்ன சொல் தவறவில்லை, பதினோரு ரிப்போர்ட்டிலிருந்தும் என் பெயரை எடுத்துவிட்டிருந்தார்கள். ஒரே ஒரு பிடிஎஃப் வந்தது. திறந்தேன். பொறுப்பானவர் வினிதா, நடவடிக்கை வேலை நீக்கம், ஏற்றுக்கொண்டு மூடியவர் பூபதி. அடியில் தேதியும் நேரமும் விழுந்திருந்தன. முன்பு வந்த பதினொன்றையும் பொய் என்று நிரூபிக்க என்னால் முடிந்தது. இதை முடியாது, நான் அங்கேதான் இருந்தேன்.